இ4 மரபணுவும் சொந்தத்தில் கட்டிய கல்யாணமும்: பாலக்கோட்டிலிருந்து ஒரு கேள்வி

12 ஜூன் 2025, பாலக்கோட்டு வாசகரின் கேள்வி

ஐயா, என் அப்பாவுக்கு 68 வயது. இரண்டு ஆண்டுகளாக மறதி கூடிக்கொண்டே வருகிறது. சென்ற மாதம் தக்காளி மண்டிக்குப் போனவர் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். தாத்தாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தார். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொந்தத்துக்குள்தான் கல்யாணம். அதனால் வந்த வினை இது என்று மனைவி வீட்டார் சொல்கிறார்கள். பெங்களூருவில் எச்சிலை வைத்தே மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்களாம். பார்த்துவிடலாமா?

12 ஜூன் 2025, இரவு

நான் மருத்துவன் அல்லன். காவேரிப்பட்டினத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன். என் அம்மாவை இந்த நோய்க்குப் பறிகொடுத்த பிறகு, கிடைத்ததையெல்லாம் படித்தவன்.

அல்சைமர் என்னும் மறதி நோயில் இரண்டு வகை மரபணுக்கள் உண்டு, தம்பி. முதல் வகை அரிது. 21-ஆம் குரோமோசோமில் ஏபிபி, 14-இல் பிரசெனிலின்-1, 1-இல் பிரசெனிலின்-2 ஆகிய மூன்று மரபணுக்களில் ஏதேனும் ஒன்றில் குறிப்பிட்ட பழுது இருந்தால் நோய் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். பெற்றோரில் ஒருவருக்கு அந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. இரண்டாவது வகையில் முதன்மையானது 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓஇ. இதற்கு இ2, இ3, இ4 என்று மூன்று வடிவங்கள் உள்ளன. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதியாக இருக்கும். இ4 நோயோடு சேர்ந்து வருகிறது என்பதை 1993-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். இ4 ஒரு பிரதி இருந்தால் சுமார் மூன்று மடங்கு ஆபத்து, இரண்டு பிரதி இருந்தால் பதினைந்து மடங்கு. அப்போதும் நோய் வந்தே தீரும் என்பதில்லை.

எச்சில் சோதனையில் அவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

13 ஜூன் 2025, காலை

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். “மூன்று மடங்கு, பதினைந்து மடங்கு” என்று உலகப் பொதுக்கணக்கைப் போல எழுதிவிட்டேன். அது வெள்ளையரின் கணக்கு.

1997-இல் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி ஒரு பெரிய தொகுப்பாய்வு செய்தார்கள். இரண்டு பிரதி இ4 உள்ளவர்களுக்கு, இரண்டும் இ3 ஆக உள்ளவர்களோடு ஒப்பிடும்போது, வெள்ளையரிடம் 14.9 மடங்கு, ஜப்பானியரிடம் 33.1; ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் 5.7, இலத்தீன் அமெரிக்க வழியினரிடம் 2.2. ஒரு பிரதி மட்டும் என்றால் வெள்ளையரிடம் 3.2, ஜப்பானியரிடம் 5.6, ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் 1.1, அதாவது ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. அதே எழுத்து, அதே இடம், அதே மரபணு. ஆள் மாறினால் எண் மாறுகிறது. இந்த அட்டவணையில் இந்தியர் என்றொரு வரிசையே கிடையாது. பாலக்கோட்டுக்காரரின் எச்சிலுக்கு எந்த வரிசையைப் பார்த்துப் பதில் எழுதுவார்கள் என்று சோதனைக் கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே மடங்கு என்பது, நோய் வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் உள்ள விகிதத்தின் மடங்கு. மூன்று மடங்கு என்றவுடன் நூற்றுக்குப் பத்து முப்பதாகிவிட்டது என்று நேராகப் பெருக்கிவிடக் கூடாது. பத்தாம் வகுப்பில் நான் இதை இருபது முறை சொல்லியும் புரியவைக்க முடிந்ததில்லை.

13 ஜூன் 2025, மதியம்

கேழ்வரகுக் களி தின்பவர்களுக்கு மறதி வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் அம்மா எண்பது வயது வரை மூன்று வேளையும் களிதான் தின்றாள். கடைசியில், தின்றதை மறந்து நான்காவது வேளையும் கேட்டாள்.

15 ஜூன் 2025

இப்போது சொந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். இதில் மனைவி வீட்டார் சொல்வது தர்க்கப்படி நிற்காது. ஒருவர் சொந்தத்தில் பெண் எடுத்ததால் அவருக்கே நோய் வராது. கணவனும் மனைவியும் உறவாக இருந்தால் அதன் விளைவு அவர்களின் பிள்ளைகளுக்குத்தான் வந்துசேரும். உங்கள் அப்பாவின் மறதிக்கும் உங்கள் அம்மா அவருக்கு அத்தை மகளாக இருப்பதற்கும் தொடர்பில்லை. பார்க்க வேண்டுமானால் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் என்ன உறவு என்றுதான் பார்க்க வேண்டும்.

என் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. அம்மாவைக் கட்டியது அவளுடைய தாய்மாமன். அம்மா படுத்தபோது உறவினர்கள் எல்லாரும் அந்தக் கல்யாணத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ஆனால் அம்மாவின் பெற்றோர் ஒருவருக்கொருவர் உறவே இல்லாதவர்கள். அந்தக் கல்யாணத்தின் பலனை அனுபவிக்க வேண்டியவன் நான்!

கணக்காகவே பார்ப்போம். மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறந்த பிள்ளையிடம், எந்த ஒரு மரபணு இடத்தை எடுத்துக்கொண்டாலும், இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே பிரதியின் நகல்களாக இருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணமானால் பதினாறில் ஒன்று. இ4 வடிவம் நூற்றுக்கு ஏழு என்ற அளவில் புழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாதவர்களின் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு ஐந்து பேரிடம் இரண்டு பிரதி இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் ஒன்பது. மாமனே கட்டினால் பதின்மூன்று. கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஆயிரத்தில் 987 பேருக்கு அப்போதும் இரண்டு பிரதி இருக்காது.

16 ஜூன் 2025

ஓசூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் கேட்கிறான்: “சார், நூற்றுக்கு ஏழு என்ற எண் எங்கிருந்து வந்தது?” மாட்டிக்கொண்டேன். அது அரியானாவின் பல்லப்கர் வட்டாரத்தில் எடுத்த எண். வெள்ளையரின் எண்ணை நமக்குப் போடுகிறார்கள் என்று மூன்று நாளாகக் குறைபட்டுக்கொண்டிருந்த நான், அரியானாக்காரரின் எண்ணைத் தூக்கிக் கிருஷ்ணகிரிக்குப் போட்டிருக்கிறேன். முறை சரி, விடையை உதாரணம் என்று மட்டும் கொள்ளுங்கள்.

ஆனாலும் பல்லப்கர் ஆய்வைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விஜய் சந்திரா, மேரி கங்குலி ஆகியோர் அரியானாவின் கிராமங்களையும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மொனாங்ககீலா பள்ளத்தாக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இ4-இன் அளவு அங்கே நூற்றுக்கு 11, இங்கே 7. வயது வேறுபாட்டைச் சரிக்கட்டிய பிறகு, 65-ஐத் தாண்டியவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்குப் புதிதாக அல்சைமர் கண்டவர்கள் அங்கே 17.5, இங்கே 4.7. ஆனால் இ4 உள்ளவருக்கு நோய் வரும் போக்கு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆள் மாறினால் எண் மாறும் என்று நான் கட்டிய வாதம் இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டுகிறது. நொண்டினால் நொண்டட்டும், மறைத்து எழுதினால் நானும் சோதனைக் கடைக்காரன் ஆகிவிடுவேன்.

19 ஜூன் 2025

4.7 என்ற எண்ணைப் பார்த்து, நம் நாட்டில் நோய் குறைவு என்று இரண்டு பேர் மகிழ்ந்திருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். யாரை நோயாளி என்று எழுதுகிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதிலேயே பாதிக் கணக்கு இருக்கிறது.

2018 ஆகஸ்டில் அம்மாவை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். இளம் மருத்துவர் தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். இது என்ன வருடம் என்றதற்கு அம்மா “விளம்பி” என்றாள். என்ன மாதம் என்றதற்கு “ஆடி”. என்ன தேதி என்றதற்கு “அமாவாசை கழிந்து மூன்றாம் நாள்”. மூன்றும் சரியான விடைகள். மூன்றுக்கும் சுழியம் போட்டார். அம்மாவின் அப்பா ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பக்கம் பஞ்சாங்கம் படித்துச் சொல்பவர், வீட்டில் தெலுங்கு. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காதவள். ஆனால் தோப்பில் ஐந்தைந்தாக எண்ணி ஆயிரம் காயைத் தப்பில்லாமல் ஏற்றிவிடுவாள்.

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இருந்தாலும் மீதியையும் சொல்ல வேண்டும். வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது, “உங்க அப்பா எங்கே, இன்னும் காணோம்?” என்று கேட்டாள். அப்பா இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தாள் தப்பு, முடிவு சரி.

இதற்கும் மரபணுவுக்கும் என்ன தொடர்பு என்றால், மரபணு ஆய்வு என்பது நோயுள்ளவர், இல்லாதவர் என்று இரண்டு குவியலாகப் பிரித்து ஒப்பிடுவதுதான். எழுதப் படிக்கத் தெரியாததற்காகவே பலரை நோயாளிக் குவியலில் போட்டாலும், “வயசானால் அப்படித்தான்” என்று உண்மை நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும், குவியல்கள் கலந்துவிடும். பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் மரபணுவைப் படித்தாலும் தெளிவு வராது. பல்லப்கர்க்காரர்கள் இதை உணர்ந்து, படிக்காதவருக்கும் பொருந்தும்படி இந்தியில் தனிச் சோதனை செய்துகொண்டார்கள். 1998-இல் கொச்சியில் தொடங்கிய 10/66 குழுவும் கல்வி குறைந்தவர்களைத் தவறாக எடைபோடாத முறையைத் தேடியது. அதன் ஆய்வு சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் நடந்தது. நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது நூற்றுக்கு 66 பேர், வளரும் நாடுகளில் இருக்க, அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இருந்ததால்தான் அந்தப் பெயர்.

22 ஜூன் 2025

நைஜீரியாவை யாரும் இதுவரை கேட்கவில்லை. நானே சொல்கிறேன், ஏனெனில் என்னை அதிகம் குழப்பியது அதுதான். இபாடான் நகரத்து யொரூபா மக்களையும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துக் கறுப்பின மக்களையும் ஒரே முறையில் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டொன்றுக்கு அல்சைமர் கண்டவர்கள் இபாடானில் நூற்றுக்கு 1.15, இண்டியானாபொலிஸில் 2.52. இ4 யொரூபா மக்களிடம் அரிதன்று. ஆனால் நோயோடு அதற்குள்ள தொடர்பு அங்கே தெளிவாகத் தென்படவில்லை.

காரணத்தின் ஒரு பகுதியை 2018-இல் வேறொரு குழு காட்டியது. கறுப்பின அமெரிக்கர், புவெர்ட்டோ ரிக்கோ மக்கள் ஆகியோரிடம் ஆப்பிரிக்க மரபும் ஐரோப்பிய மரபும் துண்டு துண்டாகக் கலந்திருக்கும். இ4 ஆப்பிரிக்கத் துண்டின்மேல் அமைந்திருந்தால் ஆபத்து குறைவு, ஐரோப்பியத் துண்டின்மேல் அமைந்திருந்தால் அதிகம். நம் ஊர் வழியில் சொன்னால், ஒரே மல்கோவா ஒட்டை வேறு வேறு வேர்ச்செடியில் கட்டுவது போன்றது: ஒட்டு ஒன்றுதான், மரம் ஒன்றல்ல.

(மாலையில் சேர்த்தது: தோட்டக்கலை படித்த என் மருமகள், உவமை தவறு என்கிறாள். வேர்ச்செடி என்பது மரத்தின் பாதி. இங்கே பேசுவதோ அந்த மரபணுவுக்கு இடமும் வலமும் உள்ள அண்டை வீடுகளை மட்டும். ஏற்றுக்கொள்கிறேன். தெருவும் அண்டைவீடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

24 ஜூன் 2025

பாலக்கோட்டுத் தம்பி மறுபடியும் எழுதியிருக்கிறார்: ஒரே ஊரில், ஒரே வகையறாவில் பலருக்கு வருவது உலகில் எங்கேனும் உண்டா?

உண்டு. கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் ஒரு பெரிய உறவுக் கூட்டம் இருக்கிறது. பிரசெனிலின்-1 மரபணுவில் ஒரே ஒரு பழுது. அதைச் சுமப்பவர்களுக்கு நாற்பதுகளின் நடுவிலேயே மறதி தொடங்கிவிடும். பிரான்சிஸ்கோ லோப்பெரா என்ற மருத்துவர் 1980-கள் முதல், 2024-இல் தாம் இறக்கும் வரை, கிராமம் கிராமமாகப் போய் அந்தக் குடும்பங்களின் மரத்தை வரைந்தார். அவர்களில் அலிரியா ரோசா பியெட்ராயிட்டா என்ற பெண்மணி அந்தப் பழுதைச் சுமந்தும், எழுபது வயதைத் தாண்டும் வரை தெளிவாகவே இருந்தார். ஏபிஓஇ மரபணுவின் “கிறைஸ்ட்சர்ச்” என்னும் அரிய மாற்றம் அவரிடம் இரண்டு பிரதியாக இருந்ததைக் கண்டு 2019-இல் எழுதினார்கள். நோயைத் தடுக்கக்கூடிய வழி ஒன்று, மலைநாட்டுக் குடும்பம் ஒன்றின் பாட்டியிடமிருந்து தெரியவந்தது. பெருநகரத்து வெள்ளையரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அவரைச் சந்தித்தே இருக்க மாட்டார்கள்.

நம் பக்கமும் தொடக்கத்தில் சிலரிடமிருந்து பெருகி, நூற்றாண்டுகளாகத் தமக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த கூட்டங்கள் ஏராளம். வைசியர்களிடம் அறுவைக்கு முன் கொடுக்கும் ஒரு தசைத் தளர்ச்சி மருந்து நெடுநேரம் நீங்காமல் தங்கிவிடுவது மற்றவர்களைவிட மிக அதிகம் என்பது மயக்க மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி; அதற்குக் காரணமும் அப்படிப் பெருகிய ஒரு மரபணு மாற்றம்தான். ஐதராபாத்தின் சிசிஎம்பி நிறுவனத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் இத்தகைய கூட்டங்களைப் பற்றி 2017-இல் விரிவாக எழுதினார்கள். மறதி நோய்க்கும் அப்படி ஏதாவது இருக்குமா என்றால், தேடினால்தான் தெரியும். சாதிப் பெருமை பேசுவதற்கு இதில் எதுவும் இல்லை என்பதையும், இதை வைத்து ஒரு கூட்டத்தையே நோய்க்கூட்டம் என்று எழுத வந்த இருவருக்குச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

1 ஜூலை 2025

தேடுகிறார்கள், அதுவும் நமக்கு அடுத்த வீட்டில். கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரம் தெரியுமல்லவா? நம்மைப் போலவே மாம்பழத்தால் வாழ்ந்து, விலை விழுந்தால் நம்மைப் போலவே சாலையில் காயைக் கொட்டும் ஊர். அங்குள்ள கிராமங்களில் 45 வயதைத் தாண்டிய பத்தாயிரம் பேரைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வை இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. நினைவாற்றல் சோதனை, இரத்தம், மரபணு, மூளைப் படம் எல்லாம் உண்டு. நோய் வந்த பிறகு போய்ப் பார்ப்பதில்லை. வருவதற்கு முன்பே தொடங்குகிறார்கள். அம்மாவின் பிறந்தகத்து மொழி அங்கே பேசும் மொழிகளில் ஒன்று என்பது எனக்குத் தனி ஆறுதல்.

இது தவிர, நாடு முழுவதும் முதியோரை ஆராய்ந்த லாசி-டாட் என்னும் ஆய்வு, அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அல்சைமர் அதில் ஒரு வகை. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 2,762 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்திருக்கிறார்கள். 83 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த சுமார் பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு, 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இவை பெரிய எண்கள்போலத் தோன்றும். 2022-இல் வெளியான ஒரே ஓர் ஐரோப்பிய ஆய்வில் நோயாளிப் பக்கம் மட்டும் ஒரு இலட்சத்துப் பதினோராயிரம் பேர். அதிலிருந்து மரபணுத் தொகுதியில் நோயோடு தொடர்புடைய 75 இடங்களைக் குறித்தார்கள். அந்த 75-இல் நமக்கு எத்தனை பொருந்தும் என்பதைச் சொல்லத்தான் ஸ்ரீநிவாசபுரத்து விவசாயி சட்டைக் கையை மடக்கி இரத்தம் கொடுக்கிறார்.

6 ஜூலை 2025

இதுவரை சொல்லாத ஒன்று. பெங்களூருவில் வேலை செய்யும் என் மகன், எங்களிடம் கேட்காமலே குழாயில் எச்சில் துப்பி அனுப்பிவிட்டான். இ4 ஒரு பிரதி என்று விடை வந்தது. அவன் சோதித்தது தன்னை. ஆனால் அந்த ஒரு பிரதி என்னிடமிருந்தோ என் மனைவியிடமிருந்தோதான் வந்திருக்க வேண்டும். சோதனைக்குச் சம்மதிக்காத இரண்டு பேர் ஒரே மின்னஞ்சலில் பாதிப் பாதி சோதிக்கப்பட்டுவிட்டோம். “உங்க அம்மா வழிதான், வேறென்ன?” என்று மனைவி அன்றே தீர்ப்பு எழுதிவிட்டாள். அவளுடைய பெரியப்பா ஊத்தங்கரைச் சந்தையில் தொலைந்து போன கதையை நான் எடுக்கவில்லை. வீட்டில் சமைப்பது அவள்.

டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-இல் தம் முழு மரபணுத் தொகுதியையும் படித்து உலகுக்கே வெளியிட அனுமதித்தார். இந்த ஏபிஓஇ ஒன்றை மட்டும் தமக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரே அப்படியென்றால் காவேரிப்பட்டினத்துக் கணக்கு வாத்தியார் எம்மாத்திரம்? நான் சோதிக்கவில்லை. ஆனால் 12-ஆம் தேதி “பார்க்கலாம், பார்க்க வேண்டாம்” என்று எதையும் நேராகச் சொல்லாமல் நழுவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

7 ஜூலை 2025

மகனின் அறிக்கையை மறுபடி படித்தேன். அடியில் பொடி எழுத்தில், இந்தக் கணிப்பு ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவைக் கொண்டது என்று போட்டிருக்கிறது. கண்ணாடியை மாற்றிப் போட்டபின்தான் தெரிந்தது.

3 ஆகஸ்ட் 2025, ஆடிப் பெருக்கு

பாலக்கோட்டுத் தம்பியிடம் எச்சிலுக்கு முன் ஒன்றைக் கேட்டிருந்தேன்: தாத்தாவுக்கு மறதி தொடங்கியபோது என்ன வயது? 60-க்கு முன்பே தொடங்கி, அப்பாவுக்கும் அப்படியே என்றால், முதல் வகை மரபணுக்களைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும். எழுபதைத் தாண்டித் தொடங்கியது என்றால் பேச்சே வேறு.

தாத்தாவுக்குப் பிறந்த தேதி என்று ஒன்று இல்லையாம். அத்தையிடம் கேட்டு எழுதியிருக்கிறார். கே.ஆர்.பி. அணை வேலைக்குத் தாத்தா மண் சுமக்கப் போயிருந்தபோது அப்பா பிறந்தார். அத்தை அதற்கு மூன்று ஆண்டு மூத்தவர், தலைப்பிள்ளை. கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருடம்தான் தாத்தா முதல்முறையாக வீட்டுக்கு வழி தெரியாமல் பஞ்சப்பள்ளிப் பக்கம் போய்விட்டார். அப்பா பிறந்தது 1957. தலைப்பிள்ளை பிறந்தபோது தாத்தாவுக்கு இருபத்திரண்டு என்று வைத்தாலும் அவர் பிறந்தது 1932-ஐ ஒட்டி. மாவட்டம் பிரிந்தது 2004. அப்படியானால் தாத்தாவுக்கு அப்போது 72. அப்பாவுக்குத் தொடங்கியது 66-இல். கொலம்பியாக் கதை உங்கள் வீட்டுக் கதை அன்று, தம்பி.

எச்சில் குழாய்க்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அப்பாவுக்கு பி12, தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் நான்கையும் பாருங்கள்; காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். நினைவாற்றல் சோதனைக்கு அழைத்துப் போகும்போது நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். இது என்ன வருடம் என்று மருத்துவர் கேட்டு, அப்பா “விசுவாவசு” என்றால், அது சரியான விடை என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.